பல்லுச் சீட்டு

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒருவர் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கொட்டகையின் படத்தைப் போட்டிருந்தார். தகரக் கூரை, நீளப் பாய், எதிரெதிராக உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம். உடனே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தீர்கள். ஒருவருக்கு ராஜ்மா போட்ட சாம்பார் ஞாபகம், இன்னொருவருக்குத் தன் தட்டைத் திருடியவன் ஞாபகம். அப்புறம் குருகிராமில் இருக்கிற தோழி ஒருத்தி கேட்டாள்: "நம்ம சாப்பாட்டுப் பணத்தை ஒரு டீச்சர் தின்னுட்டாங்களே, அவங்க யாரு?" அதன் கீழே ஏழெட்டு சிரிப்பு முகங்கள்.

நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டியாயிற்று. இனிமேல் யார் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றப் போகிறார்கள்? அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த டீச்சர் ஒரு பைசா தின்னவில்லை. தின்றது நான். பணத்தை அல்ல. முறுக்கு, கேரட் அல்வா, ரவா லட்டு, ஒரு வீட்டில் சூடாகப் போளி.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த குளிர்காலம் அது. டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அம்மாவும் வேலைக்குப் போகிற வீடுகள் அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தன. என் அம்மா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலை எட்டரைக்கு வீட்டைப் பூட்டியாகிவிடும். அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு தொடங்கினார்கள். பிறகு மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெற்றோர் மொத்தமாக ஒரு தொகை கட்டிவிடுவார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நோட்டில் ஒரு கோடு. ஐந்து சாப்பாட்டுக்குக் குறைவாக மீதி இருந்தால் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். இப்போது என் பேத்தி பள்ளிக்கூடத்தில் இதே வேலையை ஒரு ஆப் செய்கிறது. மருமகள் கையிலிருக்கிற போன் 'டிங்' என்று சொல்லி முடித்துவிடுகிறது. அப்போது அந்த 'டிங்' நான்தான்.

சாப்பாட்டுக் கணக்கு தையல் டீச்சரிடம் இருந்தது. தையலுக்குப் பரீட்சை கிடையாது, ஆகவே அவருக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது ஹெட்மாஸ்டரின் கணக்கு. டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். இரண்டு பஸ் மாறி வருவார். உதட்டோரம் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே பேசுவார், திட்டுவார், சிரிக்கவும் செய்வார். ஒரு தடவைகூட விழுங்கியதில்லை.

தகவல் சீட்டுக்குத் தனியாகக் காகிதம் வாங்கப் பள்ளிக்கூடம் காசு தரவில்லை. ஜாக்கெட் அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் மிஞ்சிய துண்டுகளை டீச்சர் சேர்த்து வைத்து, ஜிக்ஜாக் கத்தரிக்கோலால் சதுரம் சதுரமாக வெட்டுவார். சுற்றிலும் பல் பல்லாக இருக்கும். அதில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ஒரே ஓர் எண். மீதி எத்தனை சாப்பாடு என்பது அந்த எண். அதைத்தான் நாம் பல்லுச் சீட்டு என்றோம். நினைவிருக்கிறதா? சீட்டை நம்மிடம் கொடுத்தால் அது வீடு போய்ச் சேராது என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் பியூன் பையா, இந்தியில் நாம் அண்ணன் என்று கூப்பிட்டவர், சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்து, வாயாலும் சொல்லிவிட்டு வருவார்.

அந்த டிசம்பரில் பியூன் பையா கல்யாணம் செய்துகொள்ளக் கட்வால் மலைக்குப் போனார். போன இடத்தில் பனி விழுந்து சாலை அடைபட்டுவிட்டது. பத்து நாள் லீவு, இரண்டு மாதமாயிற்று.

தையல் வகுப்பில் நான் காஜா எடுக்கத் தெரியாமல் விரலைக் குத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வா. குவார்ட்டர்ஸ்ல எல்லா வீடும் ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் டீச்சர்."

"வாயும் நல்லா வருது ஒனக்கு. இனிமே சீட்ட நீ கொண்டு போ. வாயாலயும் சொல்லணும், கேட்டியா? 'இத்தன சாப்பாடுதான் மீதி. திங்கக்கிழமைக்குள்ள கட்டிருங்க.' அவ்வளவுதாம். கூட ஒரு சொல்லு போடாத, கொறைக்கவும் செய்யாத."

எனக்கு ஒரே பெருமை. காஜாவிலிருந்து தப்பித்தது பாதிப் பெருமை, பியூன் பையா வேலை எனக்கு வந்தது மீதிப் பெருமை.

முதல் வீடு கோயமுத்தூர் ஆன்ட்டியுடையது. கதவைத் திறந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. "வா கண்ணு, உள்ள வா, குளிருதல்லோ." நான் வாசலிலேயே நின்று, ஆண்டு விழாவில் பேசுவது போல ஒப்பித்தேன். "மூணு சாப்பாடுதான் மீதி. திங்கக்கிழமைக்குள்ள கட்டிருங்க."

ஆன்ட்டியின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது போய்விட்டது. கை ஸ்வெட்டர் பொத்தானுக்குப் போயிற்று. போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "அப்படியா கண்ணு. மாமா வந்ததீம் சொல்லிப்போடறேன்." அவ்வளவுதான். உள்ளே வா என்று இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இரண்டாவது வீடு தரைத்தளத்தில். கதவைத் திறந்தவர் நம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா. குரங்குக் குல்லா, கையில் செய்தித்தாள். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் ஏன் வீட்டில் இருந்தார் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் ஏறிவிட்டது. "என்ன, நாங்க ஓடிப் போயிடுவோம்னு நெனச்சாங்களா? பிச்சையா எடுக்கிறோம்? போய்ச் சொல்லு உங்க டீச்சர்கிட்ட!" கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் என் மூக்குக்கு நேராகக் கேட்டது. ஜன்னல் திரை லேசாக அசைந்தது. பையன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் எனக்கு ரப்பர் தரவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து அழலாமா என்று யோசித்தேன். எனக்கு எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த வியாதி எனக்கு இன்றைக்கும் உண்டு, உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வீடு இரண்டாவது மாடி. ஏறும்போதே எண்ணெய் காய்கிற வாசனை. ஆன்ட்டி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். "என்னடா செல்லம், என்ன சீட்டு?"

அந்த முகம் மாறிவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு. வாய் தானாகப் பேசிற்று.

"ஒண்ணுமில்லை ஆன்ட்டி. சும்மா தகவலுக்கு. அவசரமே இல்லைன்னு டீச்சர் சொல்லச் சொன்னாங்க. எப்போ முடியுதோ அப்போ கட்டினா போதும்."

"அச்சா! எவ்வளவு நல்ல டீச்சர்!" என்று ஆன்ட்டி சீட்டைச் சுவரில் இருந்த ஆணியில் குத்தினார். நான் கீழே இறங்கும்போது என் கோட்டுப் பைகள் இரண்டிலும் முறுக்கு. துணி வழியாகச் சூடு தொடையில் தெரிந்தது.

அதற்கப்புறம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வசனம் மெருகேறிற்று. "உங்க பையன் கீரையை மிச்சம் வைக்காம சாப்பிடறானாம், டீச்சர் சொன்னாங்க." "உங்க வீட்டுக்கு மட்டும் அவசரமில்லைன்னு சொல்லச் சொன்னாங்க ஆன்ட்டி." இந்த 'மட்டும்' என்கிற சொல்லுக்குத்தான் கேரட் அல்வா வந்தது. பனி இறங்குகிற சாயங்காலங்களில் வேர்க்கடலை வறுக்கிற மூங்ஃபலி வண்டிக்காரனின் மண்சட்டிப் புகைக்குள் புகுந்து, ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு ஓடுவேன். ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அம்மா என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துச் சாப்பாடு ஒத்துக்கலை" என்று முடிவு கட்டி, மூன்று வாரம் ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

யாரும் பணம் கட்டவில்லை. ஏன் கட்டப் போகிறார்கள்?

ஆனால் டீச்சர் யார் தட்டையும் நிறுத்தவில்லை. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. கோடு மட்டும் போட்டுக்கொண்டே போனார். சீட்டில் மூன்று இருந்தது ஒன்று ஆயிற்று, பூஜ்யம் ஆயிற்று. அப்புறம் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோட்டோடு வர ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கோடு எதற்கென்று தெரியாது. கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம் என்பதை நமக்கு ஆறாம் வகுப்பில்தானே சொல்லித் தந்தார்கள்? அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன்.

"போன தடவை பூஜ்யம்னியே, இப்போ நாலுன்னு இருக்கு?" என்று முறுக்கு ஆன்ட்டி கேட்டார்.

"கூடியிருக்கு ஆன்ட்டி," என்றேன். எனக்கே நிம்மதியாக இருந்தது.

கொட்டகையில் மட்டும் எல்லாம் குறைந்துகொண்டு வந்தது. முதலில் அப்பளம் போயிற்று. பிறகு பொரியல். பிறகு சாம்பாரில் இருந்த பருப்பு. நம் சமையல் பையா மலைக்காரர். சாம்பாரைத் தானாகக் கற்றுக்கொண்டவர், அதனால்தான் அதில் ராஜ்மா கிடக்கும். அவர் கரண்டியை அண்டாவில் விட்டுச் சுற்றிக் காட்டி, "பஹலே சாம்பார் மே பானி, அப் பானி மே சாம்பார்", முன்னே சாம்பாரில் தண்ணீர், இப்போது தண்ணீரில் சாம்பார், என்று நம்மைச் சிரிக்க வைத்தார். நாம் சிரித்துவிட்டுத் தட்டை நக்கினோம். டீச்சரிடம் அவர் சொன்னது வேறு. லாலாவின் மளிகைக் கடையில் இனிமேல் கடனுக்குச் சாமான் கிடையாதாம். கடன் பாக்கியைத் தீர்த்துவிட்டு வா என்றுவிட்டாராம்.

அப்போதுதான் முள்ளங்கிக் காலம் தொடங்கியது. டெல்லிக் குளிரில் முள்ளங்கி எவ்வளவு மலிவு என்று உங்களுக்குத் தெரியும். டீச்சர் தினமும் கரோல் பாகிலிருந்து இரண்டு பை நிறைய முள்ளங்கி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் இறங்குவார். இலை இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி ஆடும். முள்ளங்கி சாம்பார், முள்ளங்கிக் கூட்டு, முள்ளங்கி இலைப் பொரியல், ஒரு நாள் சமையல் பையா துணிந்து செய்த முள்ளங்கி பராட்டா. மத்தியானத்துக்கு மேல் கணக்கு வாத்தியார் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவார். வெளியே பத்து டிகிரி. நாம் குளிரில் நடுங்கிக்கொண்டே ஏப்பம் விட்டுச் சிரித்தோம். யார் ஏப்பம் அதிக நேரம் என்று பந்தயம் வைத்தீர்களே, அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள்.

வீட்டில் நாம் சொன்னதெல்லாம் பால் பூத் வரிசைக்குப் போயிற்று. ஒரு நாள் காலை அம்மா பாலோடு செய்தியையும் கொண்டு வந்தாள்.

"தினம் முள்ளங்கியாம். பருப்பே கிடையாதாம். கட்டின காசெல்லாம் எங்க போறது? அந்தத் தையல் டீச்சர் புதுசா மெரூன் ஸ்வெட்டர் போட்டுண்டு வராளாமே."

ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது ஒன்றுதான். நமக்கு 'மட்டும்' டீச்சர் தவணை கொடுத்திருக்கிறார், மற்றவர்கள் எல்லாம் கட்டிவிட்டார்கள். அப்படியானால் பணம் எங்கே?

என் அப்பா ஓர் அமைச்சகத்தில் கணக்குப் பிரிவு. வீட்டில் தீப்பெட்டி வாங்கினாலும் எழுதி வைப்பார். பெற்றோர் குழுவில் அவரைத்தான் கேட்டார்கள். "கணக்குன்னா கணக்கு. சனிக்கிழமை போய் ரிஜிஸ்டரைப் பார்த்துடறேன்" என்று சிவப்பு-நீலப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். எனக்கு முள்ளங்கி மேலே வந்தது.

மறுநாள் டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று தையல் அறை வாசலில் போய் நின்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"அப்பம் இதக் கொண்டு போ," என்று அன்றைக்குரிய சீட்டுகளை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். மணி அடித்ததும் தையல் அறையில் எட்டுப் பெற்றோர் நம் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கோயமுத்தூர் ஆன்ட்டி, முறுக்கு ஆன்ட்டி, நான்கைந்து அப்பாக்கள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார் டீச்சர். நான் டம்ளரோடு மூலையில் நின்றேன்.

அப்பா நோட்டைத் திறந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பென்சில் மட்டும் வரிசை வரிசையாக இறங்கிற்று. ஓரிடத்தில் நின்றது.

"இதர வரவுன்னு ஆறு இடத்துல போட்டிருக்கேளே. யார் கொடுத்தது?"

"ஒருத்தங்க குடுத்தாங்க சார்."

"ரசீது?"

"அவங்களுக்கு ரசீது வேண்டாம்னுட்டாங்க."

அப்பா பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மேலே போனார். கடைசியில் நிமிர்ந்து, "கூட்டல்ல தப்பு இல்லை. செலவுக்கெல்லாம் பில் இருக்கு. வரவுதான் இல்லை" என்றார். "பாக்கி இருக்கிறவா பேரை வாசிக்கிறேன்."

ஆபீஸ் குரலில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். பெயர், எண். பெயர், எண். முதல் இரண்டு பெயர்களுக்கு எல்லோரும் தலையை ஆட்டி 'ச்சு' கொட்டினார்கள். மூன்றாவது பெயர் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருடைய மகன். 'ச்சு' நின்றது.

"எங்களுக்கு நாலு மீதி இருக்குன்னு சொன்னாங்களே!" என்றார் முறுக்கு ஆன்ட்டி.

"மைனஸ் நாலு. அது அப்போ. இப்போ மைனஸ் பன்னெண்டு. நீங்கதான் தரணும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா இன்னும் உற்சாகமாக வாசித்தார். ஐந்தாம் வகுப்பு வந்தது. இரண்டு பெயர் வாசித்தார். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தவர் வாசிக்கவில்லை. பென்சில் முனை ஒரே இடத்தில் நின்றது. என் பெயர் அது.

"மைனஸ் பதினொண்ணு," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு டீச்சரைப் பார்த்து, "எனக்குச் சீட்டே வரலையே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு குண்டூசியையும் வாயிலிருந்து எடுத்து ஊசி குத்தி வைக்கிற திண்டில் குத்தினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கயாவது விழுந்திருக்கும் சார்," என்றார். "சின்னப் புள்ள. எத்தனையத்தாம் சொமக்கும்?"

அவர் திருடினார் என்று எட்டுப் பேர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள், அவர் எனக்காகப் பேசுகிறார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உள்ளே எங்கள் வீட்டுக்கான பல்லுச் சீட்டு மூன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு நானே எதற்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று முதல் சீட்டிலிருந்தே உள்ளே போட்டு வைத்திருந்தேன்.

"டீச்சர் திங்கக்கிழமைக்குள்ள கட்டச் சொன்னாங்க. நான்தான் அவசரமில்லைன்னு சொன்னேன். எல்லார் வீட்லயும்," என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே பட்டியலும் போட்டேன். "முறுக்கு கொடுத்தாங்க. அல்வா கொடுத்தாங்க. ஒரு வீட்ல போளி."

முறுக்கு ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிற்று. "அடிப்பாவி! உங்க டீச்சர் நல்ல டீச்சர்னு நான் ஆறு முறுக்கு சேர்த்துப் போட்டேனே!" அவர் சிரித்ததும் எல்லோரும் உடைந்துவிட்டார்கள். பெஞ்சு ஒன்று சாய்ந்தது.

கோயமுத்தூர் ஆன்ட்டி மட்டும் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எங்கூட்டுக்கு ரெண்டாவது தடவை வந்தப்போ அவசரமில்லைன்னு சொன்னயில்ல கண்ணு, அது பொய்யின்னு எனக்குத் தெரியும். மாசக் கடைசியில அப்படிச் சொன்னா யாரு விடுவாங்க? அதனால பேசாம இருந்துட்டேன்."

முறுக்கு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்போ அந்த ஸ்வெட்டர்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இதா?" டீச்சர் ஒரு கையைத் தூக்கினார். "இந்தக் கை, ஒங்க மவன் தொலைச்ச மப்ளரு. அந்தக் கை, ரெண்டு சோடி கையுறை. தேடி யாரும் வரல்ல. ரெண்டு வருசமாப் பெட்டியில கெடந்துது, பிரிச்சு, சாயம் முக்கிப் பின்னிட்டேன். வேணும்னா இப்பமே கழத்தித் தாறேன்."

அதன் கழுத்துப் பட்டியில் என் குரங்குக் குல்லா இருந்தது. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நீளமாக எட்டு வைத்து நடந்தார். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சட்டென்று நின்று, "இதர வரவு. அவளேதான்டி," என்றார். "சொந்தக் காசு." பையிலிருந்து சிவப்பு-நீலப் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பாக்கி இருந்த முப்பத்துநான்கு வீட்டுக்கும் கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்ல வேண்டியது அவரே எழுதிக் கொடுத்தது. "தையல் டீச்சர் ஒரு பைசா எடுக்கலை. அவசரமில்லைன்னு நான் பொய் சொன்னேன். இத்தனை சாப்பாடு பாக்கி." நான் முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி விஷயத்தில் நானும் தப்பா நெனச்சேன்" என்பார். முதல் நாலு வீட்டில் அந்த வார்த்தை சரியாக வெளியே வரவில்லை. பத்தாவது வீட்டில் பழகிவிட்டது. அன்றைக்கு எந்த வீட்டிலும் நான் ஒன்றும் வாங்கித் தின்னவில்லை. அப்பா மட்டும் ஏழு டீ குடித்தார்.

தரைத்தளத்துக் குரங்குக் குல்லாக்காரர் கதவைத் திறந்தபோது நான் அப்பாவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் அவர் குனிந்து என்னைப் பார்த்து, "அன்னைக்குக் கத்திட்டேன். பயந்துட்டியாம்மா?" என்றார். மாற்றல் ஆர்டரில் ஏதோ காகிதம் சிக்கி, மூன்று மாதமாக அவருக்குச் சம்பளம் நின்றிருந்தது. வேலையில் சேரவும் முடியாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார். பாக்கிச் சாப்பாட்டைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை. "எந்த செக்‌ஷன்? ஃபைல் நம்பர் சொல்லுங்கோ," என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பையனும் வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். அவன் ரப்பரைப் பாதியாகக் கிள்ளி என்னிடம் ஒன்றைக் கொடுத்தான். அடுத்த மாதம் அவருக்குச் சம்பளம் வந்ததாக அப்பா அம்மாவிடம் சொன்னார்.

முப்பத்துநான்கில் நான்கு வீடு அன்று பூட்டியிருந்தது. அந்த நான்கு வீட்டுக்கு மட்டும் நாங்கள் திரும்பப் போகவேயில்லை. குருகிராம் தோழியே, உன் வீடு அதில் ஒன்று. நீங்கள் எல்லோரும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். உன் அம்மா கடைசிவரை பாதிக் கதையை மட்டும் தெரிந்து வைத்திருந்ததற்கு அதுதான் காரணம்.

திங்கட்கிழமை காலை தையல் அறை வாசலில் பணம் கட்ட வரிசை நின்றது. ஆனாலும் லாலா கடை பாக்கி தீர்ந்து பருப்பு வர ஒரு நாள் ஆகுமே. அன்றைக்கும் முள்ளங்கி சாம்பார்தான். மத்தியான மணி அடித்து நாம் பாயில் உட்கார்ந்தபோது, கொட்டகை வாசலில் யாரோ ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அப்பா. ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறார். காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

டீச்சர் நோட்டோடு ஓடி வந்தார். "என்ன சார், எதும் விட்டுப் போச்சா?"

"பெற்றோர் இங்க சாப்பிடலாமோ? விதி ஏதாவது இருக்கா?"

"விதியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ எனக்கும் ஒரு தட்டு போடச் சொல்லுங்கோ."

எனக்கும் ஒரு மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்தார். சம்மணம் சரியாக வரவில்லை, முழங்கால் இரண்டும் மேலே நின்றன. சமையல் பையா சோற்றை வைத்து, பயந்துகொண்டே சாம்பாரை ஊற்றினார். வெள்ளை வெள்ளையாக முள்ளங்கி மிதந்தது. எங்கள் வீட்டில் முள்ளங்கி வாங்குவதே கிடையாது. பக்கத்து வீட்டில் அது வேகிற வாடை வந்தாலே அப்பா பால்கனிக்குப் போய்விடுவார்.

அப்பா பிசைந்தார். முதல் வாய் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினார். இரண்டாவது வாய். மூன்றாவது. கொட்டகை முழுக்கச் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. தட்டு காலியானதும் சமையல் பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் போடட்டுமா என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அவுர் தூன், சாப்?"

அப்பா நிமிர்ந்தார். டீச்சர் தூணோரமாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பெயருக்கு நேராக அன்றைக்குரிய இரண்டு கோடும், எனக்கொன்று அப்பாவுக்கொன்று, போட்டாகிவிட்டது. அப்பா தட்டை நீட்டினார்.

"போடு பையா. ஜல்தி, ஆபீஸ் போகணும்."

டீச்சர் தலையை நிமிர்த்தாமல் மூன்றாவது கோட்டைப் போட்டார்.